மூடிய கதவுக்கு வெளியே

லண்டன் ரிச்மண்ட் பூங்காவில், மான்கள் மேயும் புல்வெளிக்கு நடுவே ஒயிட் லாட்ஜ் என்ற வெள்ளை மாளிகை நிற்கிறது. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் வேட்டைக்கு வந்தால் தங்குவதற்காகக் கட்டியது. 1955 முதல் ராயல் பாலே ஸ்கூலின் கீழ்நிலைப் பிரிவு அங்கேதான் நடக்கிறது. 11 வயதில் சேரும் பிள்ளை 16 வயது வரை வீட்டை விட்டு அங்கே தங்கி, பள்ளிப் பாடத்தையும் பாலேயையும் சேர்த்துப் படிக்கிறது.

அந்த இடத்துக்கான ஆடிஷன் நாளில் பிள்ளைகளைவிடப் பெற்றோரைக் கவனிப்பதுதான் சுவாரஸ்யம். மகளின் கொண்டையில் ஒரு முடிகூடப் பிசிறாமல் வலை போட்டாயிற்று. லியோடார்ட்டின் முன்பக்கம் எண் குத்தியாயிற்று. ஸ்டூடியோக் கதவு மூடிக்கொள்கிறது. இனி ஒன்றிரண்டு மணி நேரம், ஆறிப்போன காபியோடு வெளியே காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த நாற்காலித் தாய் எந்த டீச்சரிடம் மகளை அனுப்புகிறாள் என்று பேச்சுவாக்கில் விசாரிப்பதும் உண்டு. உள்ளே என்ன நடந்தது என்பது பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய விஷயம். பிள்ளைக்கே அது பெரும்பாலும் தெரியாது.

உள்ளே பார்க்கப்படுவது எத்தனை அடவு தெரியும் என்பதல்ல. தொடை எலும்பு இடுப்புக் குழியில் எவ்வளவு வெளிப்புறமாகத் திரும்புகிறது, பாதத்தின் மேல்வளைவு எப்படி, முதுகெலும்பு நேரா, கைகால் அளவு உடலோடு பொருந்துகிறதா, பியானோ வாசிக்கும்போது உடம்பு கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். இறுதிச் சுற்றில் பிசியோதெரபிஸ்ட்டும் தொட்டுப் பார்ப்பார். ஐந்து வயதிலிருந்து பதக்கமாக வாங்கிக் குவித்த பிள்ளை வீடு திரும்பும். இரண்டு வருடம் மட்டுமே கற்ற பிள்ளை உள்ளே போய்விடும்.

இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் நம் ஊரில் பரதம் கற்கும் பிள்ளையை இடுப்பு எலும்பைப் பார்த்து யாரும் திருப்பி அனுப்புவதில்லை. கட்டணமும் பொறுமையும் இருந்தால் அரங்கேற்றம் வரை போய்விடலாம். அதற்குப் பிறகு மேடை உண்டா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாலே முதல் நாளிலேயே முகத்துக்கு நேராக 'இல்லை' என்கிறது. அதில் ஒரு நேர்மை இருக்கத்தான் செய்கிறது.

தேர்வான பிள்ளைக்குக் கிடைப்பதும் சாதாரணமானதல்ல. வாரத்தில் ஆறு நாள் வகுப்பு, ஆளை அறிந்த ஆசிரியர்கள், பிசியோ, ராயல் ஓபரா ஹவுஸ் மேடையில் 'நட்கிராக்கர்' நடக்கும்போது எலியாகவும் சிப்பாயாகவும் ஆடும் வாய்ப்பு. 16 வயதில் மேல்நிலைப் பிரிவுக்குப் போனால் கோவென்ட் கார்டனில் ஃப்ளோரல் தெருவுக்கு மேலே, முறுக்கிவிட்டதுபோல ஒரு பாலம். ஒரு முனையில் பள்ளி, மறுமுனையில் ஓபரா ஹவுஸ். எதற்காக உழைக்கிறோம் என்பது தினமும் கண்ணில் படும். செலவைப் பொறுத்தவரை, தங்கிப் படிக்க ஆண்டுக்கு முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும். ஆனால் பிரிட்டிஷ் அரசின் 'மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம்' பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து உதவுகிறது. பர்மிங்ஹாமின் எல்ம்ஹர்ஸ்ட், டிரிங் பார்க் போன்ற பள்ளிகளுக்கும் இது உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது என்று இதை வைத்துச் சொல்வார்கள்.

அது பாதி உண்மை. உதவி வருவது கதவைத் தாண்டிய பிறகு. அதற்கு முன், ஐந்து வயதிலிருந்து வார வகுப்பு, சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போகும் பகுதிநேர அசோசியேட் வகுப்பு, கோடை முகாம், மூன்று மாதத்தில் கால் பெரிதாகிப் பிடிக்காமல் போகும் ஷூ. இவற்றுக்குப் பணம் கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அந்தக் கதவு வரைக்கும் வருகிறார்கள். மும்பையில் யெஹூதா மாவோர் என்ற ஆசிரியரிடம் கற்ற அமிருதீன் ஷாவுக்கு ராயல் பாலே ஸ்கூலில் இடம் கிடைத்தபோது, அவரை லண்டனுக்கு அனுப்பப் பொதுமக்களிடம் பணம் திரட்ட வேண்டியிருந்தது. சூனி தாராபோர்வாலாவின் 'யே பாலே' (2020) படத்துக்கு அவர் கதையும் ஒரு மூலம்.

பணத்தைவிடச் சிக்கலானது உடம்பு. 11 வயதில் தேர்ந்தெடுப்பது அந்த வயது உடம்பை. அடுத்த மூன்று நான்கு வருடத்தில் அந்த உடம்பே மாறிவிடும். பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதை ஒட்டி வளர்ச்சி வேகமெடுக்கும். எலும்பு முதலில் நீளும், தசை பின்னால் தாமதமாக வரும். அந்த மாதங்களில் நேற்று வரை எளிதாகத் தூக்கிய கால் இன்று ஏறாது, சுழன்றால் நிலை தவறும், முழங்கால் வலிக்கும். இது தாற்காலிகம் என்பது மருத்துவம் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆண்டு மதிப்பீடு அந்த மாதங்களுக்காகக் காத்திருந்ததில்லை. இந்தத் தொழில்முறைப் பள்ளிகளில் நெடுங்காலம் நடந்த வழக்கம், ஆண்டு இறுதியில் சில பிள்ளைகளை வெளியே அனுப்புவது. 'அசெஸ்டு அவுட்' என்பது அதற்கு அங்கே வழங்கிய பெயர். பதின்மூன்று வயதுப் பெண் தன் தோழிகளையும் படுக்கையறையையும் பள்ளியையும் ஒரே கடிதத்தில் இழப்பாள். காரணம் அவள் செய்த தப்பு எதுவும் அல்ல, அவள் வளர்ந்தது.

இதே வழக்கத்துக்கு எதிர்ச்சாட்சியும் வரலாற்றில் இருக்கிறது. டார்சி பசல் ஒயிட் லாட்ஜில் சேர்ந்தது 13 வயதில். உடன் படித்தவர்களைவிடப் பின்தங்கியிருந்தவர் 20 வயதில் ராயல் பாலே குழுவின் பிரின்சிபல், அதாவது முதன்மை நடனக் கலைஞர், ஆனார். அமெரிக்காவின் மிஸ்டி கோப்லாண்ட் பாலே கற்கத் தொடங்கியதே 13 வயதில். 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பினப் பெண் பிரின்சிபல். 11 வயதில் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு பேரே அசைத்துவிடுகிறார்கள்.

ஐந்து வருடம் தாக்குப்பிடித்தவர்களுக்கு 16 வயதில் இன்னொரு வடிகட்டி. மேல்நிலைப் பிரிவுக்கு ஜப்பானிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும், லோசான் நகரப் போட்டியில் பரிசு வாங்கியும் பிள்ளைகள் வருவார்கள். கீழ்நிலைப் பிரிவில் படித்தோம் என்பது இட ஒதுக்கீடு அல்ல. அரசுப் பொதுத்தேர்வும் இந்த ஆடிஷன்களும் ஒரே கல்வியாண்டில் வருவதால், பிள்ளை அல்ஜீப்ராவையும் கணுக்கால் வலியையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறது. 19 வயதில் வேலை தேடும்போது மீண்டும் அதே எண், அதே மூடிய கதவு. திறந்த ஆடிஷனில், கம்பியைப் பிடித்துச் செய்யும் 'பார்' பயிற்சி முடிந்ததுமே பாதிப்பேரை நன்றி சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு.

இதில் பெற்றோர் எங்கே நிற்பது? பள்ளிகள் தரும் பதில் ஒன்றே: எங்களை நம்புங்கள், பிள்ளையை நெருக்காதீர்கள், ஊக்கம் மட்டும் கொடுங்கள். அறிவுரை தவறல்ல. பாலே அம்மாக்களுக்கு உள்ள கெட்ட பெயர் சும்மா வந்ததும் அல்ல. பிரிட்டிஷ் பாலே நட்சத்திரம் மார்கோட் ஃபோன்டெய்னின் தாயாருக்கு 'பிளாக் குவீன்' என்றே பட்டப்பெயர். 'செக்மேட்' பாலேயில் வரும் கொடிய ராணியின் பெயர் அது. ஷாங்காயிலிருந்து மகளை லண்டனுக்குக் கூட்டிவந்து ஆசிரியர் வாசல்களில் நின்றவரும் அவர்தான் என்பதை அந்தப் பட்டப்பெயர் சொல்வதில்லை.

ஆனால் 'நம்புங்கள்' என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வியன்னா காட்டியது. 2019இல் 'ஃபால்டர்' வார இதழ் வெளிக்கொண்டுவந்த செய்தியில், அங்குள்ள அரசு ஓபராவின் பாலே அகாடமியில் பிள்ளைகள் அடியும் வசவும் பட்டது தெரிந்தது. விசாரணைக் குழு அதே ஆண்டு கொடுத்த அறிக்கையில், எடை ஏறாமலிருக்கப் புகைபிடிக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டதும் இருந்தது. மறுவருடம் பெர்லின் அரசுப் பாலே பள்ளியில் விசாரணை. 2023இல் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் ராயல் பாலே ஸ்கூல், எல்ம்ஹர்ஸ்ட் இரண்டிலும் படித்த பழைய மாணவர்கள், உடம்பைக் காட்டி அவமானப்படுத்தியதையும் உணவே எதிரியாகிப்போனதையும் பேசினார்கள். மாணவர் நலனே முதன்மை என்று பள்ளிகள் பதில் சொல்லின. எல்லா வகுப்பறையும் இப்படி என்று சொல்ல முடியாது. இன்று உணவியல் நிபுணரும் மனநல ஆலோசகரும் இருக்கும் பள்ளிகள் பல. ஆனாலும் இத்தனை நாடுகளில் ஒரே கதை திரும்ப வரும்போது, அதை ஒரு சில கெட்ட ஆசிரியர்களின் தலையில் கட்டிவிட முடியாது. வகுப்பெடுப்பவரும், மதிப்பெண் போடுபவரும், அடுத்த வருடம் இடம் உண்டா என்று முடிவு செய்பவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், பிள்ளை யாரிடம் போய் வாய் திறக்கும்?

வீட்டிலும் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "எப்படிடா இருக்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். தனக்காக வீட்டில் யார் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று அதற்குத் தெரியும். மாதவிடாய் நின்றுபோனதைச் சொல்லாது. நடனமாடுபவர்களுக்கு அது இயல்பு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இயல்பல்ல. உழைப்புக்கு ஏற்ற உணவு உள்ளே போகாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். எலும்பு வலுவிழந்து, மயிரிழை முறிவுகள் பின்னால் வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்குப் பெயரிட்டு எச்சரித்தது விளையாட்டு வீரர்களை முன்வைத்து என்றாலும், பாலே மாணவிகளுக்கு அது அப்படியே பொருந்தும். இந்த அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருக்கும் தாய், ரிப்பன் தைத்துக் கொடுக்கும் தாயைவிடப் பெரிய உதவி. பிள்ளையின் வாழ்க்கையில் அதற்கு மதிப்பெண் போடாத பெரியவர் என்று யாராவது இருந்தால், அது பெற்றவர்தான். அந்த இடத்தையும் காலி செய்துவிட்டு, வீட்டிலும் ஒரு நடுவராக உட்காருவதுதான் பெரும்பாலான பெற்றோர் செய்யும் பிழை. "இன்னிக்கு டீச்சர் உன்னைத் திருத்தினாங்களா?" என்ற கேள்வி அன்பாகத்தான் கேட்கப்படுகிறது. பிள்ளைக்கு அது இரண்டாவது மதிப்பீடு.

இந்த வாதத்துக்கு ஒத்துவராத ஒரு மனிதர் உண்டு. ஹவானாவின் லாரி ஓட்டுநர் பெத்ரோ அகோஸ்டா, தெருவில் திரியும் மகனை இலவசமாகச் சோறும் போடும் பாலே பள்ளியில் சேர்த்தார். பையனுக்கு ஆசை கால்பந்து மீது. வகுப்பைக் கட் அடித்தான், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். அப்பா விடவில்லை, வேறு ஊரில் இடம் பிடித்துச் சேர்த்தார். அந்தப் பையன் கார்லோஸ் 1990இல் லோசானில் தங்கம் வாங்கினார். ராயல் பாலேயில் ஆடினார். 2020 முதல் பர்மிங்ஹாம் ராயல் பாலேயின் இயக்குநர். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்பது உண்மை. கூடவே இன்னொன்றும் உண்மை: அதே மாதிரி அப்பாக்கள் வளர்த்து, பெயர் வெளியே தெரியாமல் போனவர்கள் சுயசரிதை எழுதுவதில்லை. கியூபாவில் அந்தப் பயிற்சிக்குக் குடும்பம் காசு கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோற்றிருந்தால் பெத்ரோ குடும்பத்துக்குக் கடன் மிஞ்சியிருக்காது.

பாலே கலைஞர் செர்கே பொலுனினின் குடும்பத்தின் கணக்கு வேறு. உக்ரைனின் கெர்சோன் நகரத்து ஏழைக் குடும்பம். மகனின் பாலேக்காகத் தாய் கலினா அவனோடு கீவ் நகருக்குக் குடிபெயர்ந்தார். பணம் அனுப்ப அப்பா போர்ச்சுகலுக்கு வேலைக்குப் போனார், ஒரு பாட்டி கிரேக்கத்துக்குப் போனார். 13 வயதில் பையன் நூரேயெவ் அறக்கட்டளையின் உதவியோடு ஒயிட் லாட்ஜுக்கு வந்தபோது, தாய் அவனை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. தான் நன்றாக ஆடினால் குடும்பம் மறுபடி ஒன்றாகிவிடும் என்பதுதான் அவன் வைராக்கியம். அதற்குள் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். 2010இல் ராயல் பாலேயின் மிக இளைய ஆண் பிரின்சிபல். 2012 ஜனவரியில், 22 வயதில், திடீரென்று விலகினார்.

'டான்சர்' (2016) என்ற ஆவணப்படத்தில் இதையெல்லாம் அவரும் தாயாரும் சொல்கிறார்கள். கலினாவிடம் வருத்தம் இருக்கிறதா என்றால், ஏழ்மையிலிருந்து மகனை வெளியே அனுப்ப வேறு வழி தெரியவில்லை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அதைத் தப்பு என்று சொல்ல லண்டனில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தகுதி கிடையாது. ஆனால் அத்தனை பேரின் வயிற்றுப்பாட்டையும் சுமந்து ஆடிய அந்த மகன், தான் ஆடுவதை அரங்கில் வந்து பார்க்கப் பல ஆண்டுகள் தன் பெற்றோரை அனுமதிக்கவில்லை.