தோற்றாலும் ஒரு புள்ளி

என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் வென்ற அணிக்கு 2 புள்ளி. 60 நிமிடத்துக்குள் தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் சமனில் நின்று, அதன்பின் கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் மட்டும் 1 புள்ளி உண்டு. ஆகவே ஒரே லீக்கில் சில ஆட்டங்களின் மதிப்பு 2 புள்ளி, சிலவற்றின் மதிப்பு 3. தோற்ற அணிக்குக் கிடைக்கும் அந்த 1 புள்ளியை ரசிகர்கள் 'தோற்றவர் புள்ளி' என்று கேலி செய்வதுண்டு. கேலிக்கு இடமிருக்கிறது. 20 வெற்றி, 16 தோல்வி, 6 கூடுதல் நேரத் தோல்வி என்று தன் அணியின் கணக்கைப் பார்க்கும் ரசிகருக்கு, சீசன் பரவாயில்லாமல் போவதாகவே தோன்றும். கூட்டிப் பார்த்தால் 42 ஆட்டத்தில் 22 தோல்வி.

விதி பிறந்த காரணம் நியாயமானது. 1983–84 சீசனில் 5 நிமிடக் கூடுதல் நேரம் மீண்டும் வந்தபோது, அதில் தோற்ற அணிக்குப் புள்ளி கிடையாது. டிரா செய்தால் 1 உண்டு. கையிலிருக்கும் ஒன்றை இழக்க யாருக்கு மனம் வரும்? இரு அணிகளும் தற்காப்பில் ஒதுங்கி நேரத்தைக் கடத்தின. 1999–2000இல் அந்த ஒரு புள்ளி இரு அணிக்கும் உறுதி செய்யப்பட்டது. கூடுதல் நேரத்தில் கோல்கீப்பர் தவிர்த்து ஆடுவோர் 5 பேரிலிருந்து 4 பேராகக் குறைந்தனர். பயம் போனது, ஆட்டம் திறந்தது. 2015–16 முதல் அது 3 பேரானது. அகன்ற பனித்தளத்தில் மூவருக்கு மூவர் மோதும் அந்த ஐந்து நிமிடம், 60 நிமிடமும் இறுகிக் கிடந்த ஆட்டத்தையும் ஓட்டப் பந்தயமாக்கிவிடும்.

ஆனால் 2005–06இல் ஷூட்அவுட் வந்து டிராவே ஒழிந்துவிட்டது. டிராவின் புள்ளியை இழக்கும் பயத்துக்காகத் தரப்பட்ட மருந்து, நோய் போன பிறகும் தொடர்கிறது. தொடர்வதற்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது: ஷூட்அவுட் என்பது தனி ஆட்டக்காரரும் கோல்கீப்பரும் மோதும் வேறொரு விளையாட்டு; 65 நிமிடம் சமமாக ஆடிய அணியை அதற்காக வெறுங்கையோடு அனுப்புவது சரியல்ல. பட்டியலில் அணிகள் நெருங்கி நிற்பதும், சீசன் முடிவை நெருங்கும் மார்ச் மாதத்திலும் பல ஊர்களில் நம்பிக்கை மிஞ்சுவதும் இன்னொரு பலன். அரங்கு நிரம்புவதால் நிர்வாகத்துக்கும் இது பிடிக்கும்.

கேடு வேறிடத்தில் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஸ்கோர் சமனாக இருந்தால், துணிந்து தாக்குவதைவிட மணி ஒலிக்கும்வரை காத்திருப்பதே லாபம். எதிரணி லீக்கின் மற்றொரு பிரிவை (கான்ஃபரன்ஸை) சேர்ந்தது என்றால், அதற்குப் போகும் புள்ளியால், சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றில் கிடைக்கும் இடத்துக்கு நஷ்டமும் இல்லை. கூடுதல் நேரத்தில் இருந்த கோழைத்தனம் அதற்கு முந்தைய நிமிடங்களுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

2017–18இல் நியூ ஜெர்சி டெவில்ஸ், ஃபுளோரிடா பாந்தர்ஸ் இரண்டும் 44 ஆட்டங்களில் வென்றன. நியூ ஜெர்சி கூடுதல் நேரத்துக்குப் பின் 9 முறை தோற்றது, ஃபுளோரிடா 8 முறை. 97க்கு 96 என்ற கணக்கில் நியூ ஜெர்சி பிளேஆஃபுக்குப் போனது.

அதைவிட விசித்திரம் 2024 ஏப்ரல் 16 இரவு. ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் 87 புள்ளி, வாஷிங்டன் கேபிடல்ஸ் 89. பிளேஆஃப் இடத்துக்காக இருவரும் மோதினர், ஸ்கோர் 1–1. கூடுதல் நேரம் வந்தாலே வாஷிங்டன் 90ஐத் தொட்டுவிடும். ஃபிலடெல்ஃபியா வென்றாலும் 89தான். பின்தங்கிய அணி கடைசியில் கோல்கீப்பரை வெளியே அழைத்து இன்னொரு தாக்குபவரை இறக்குவது வழக்கம். இங்கே சமனிலேயே ஃபிலடெல்ஃபியா பயிற்சியாளர் ஜான் டார்டொரெல்லா அதைச் செய்ய நேர்ந்தது. மூன்று நிமிடம் மிச்சமிருக்கையில் வாஷிங்டனின் டி.ஜே. ஓஷி தள்ளிய பக் காலி வலைக்குள் உருண்டது. அதே இரவில், அதே இடத்துக்குப் போட்டியிட்ட டெட்ராய்ட் அணி மான்ட்ரியாலில் கடைசி வினாடிகளில் சமன் செய்து ஒரு புள்ளியைப் பிடித்ததால், ஃபிலடெல்ஃபியா வென்றிருந்தாலும் பயனில்லை என்பது தனிக் கதை.

அந்த இரவின் முடிவில் வாஷிங்டனும் டெட்ராய்டும் தலா 91. டெட்ராய்டுக்கு 41 வெற்றி, வாஷிங்டனுக்கு 40. உள்ளே போனது வாஷிங்டன். 60 நிமிடத்துக்குள் பெற்ற வெற்றிகள் அதற்கே அதிகம். சமநிலையை உடைக்க அவற்றை முதலில் எண்ணும் முறை 2019–20இல் வந்தது. லீக் செய்த பாதித் திருத்தம் என்று இதைச் சொல்லலாம்.

முழுத் திருத்தம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. உலக சாம்பியன்ஷிப்பிலும், 2024 ஜனவரியில் தொடங்கிய மகளிர் தொழில்முறை லீக்கிலும் 60 நிமிட வெற்றிக்கு 3, அதற்குப் பிந்தைய வெற்றிக்கு 2, அப்படித் தோற்றால் 1. எந்த ஆட்டமானாலும் மொத்தம் 3தான். தோற்றவர் புள்ளி அங்கும் இருக்கிறது, ஆனால் அது வானத்திலிருந்து விழுவதில்லை. வென்றவர் விட்டுக்கொடுத்த பங்கு அது. சமனில் காத்திருக்கும் அணி ஒரு புள்ளியைப் பணயம் வைக்கிறது. முன்னணி அணிகள் வேகமாக விலகிப்போய், பலவீனமான அணியின் ரசிகர்கள் சீசன் முடியும் முன்பே கணக்கை மூடிவிட நேரலாம் என்பது இதன் குறை. சீசன் முழுவதும் டிக்கெட் விற்க வேண்டிய உரிமையாளர்களுக்கு அது சின்னக் குறை அல்ல.