பித்தளை ரிவால்வரும் தஞ்சாவூர் இரும்பும்

செர்ஜியோ லியோனியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தில் ஒரு துப்பாக்கிக் கடைக் காட்சி வரும். டூக்கோ சில ரிவால்வர்களைக் கழற்றிப் போட்டு, ஒன்றில் பேரல், இன்னொன்றில் சிலிண்டர் என்று பொறுக்கி, காதோரம் சுழற்றிப் பார்த்துத் தனக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வான். நமக்கு ரசனையான காட்சி. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) கால ரிவால்வர்களைச் சேகரிக்கிறவங்களுக்கு வயிறு எரியும். அவங்க கேட்கிற முதல் கேள்வியே 'நம்பர் ஒத்துப்போகுதா?' என்பதுதான். கோல்ட் கம்பெனி ஒரே சீரியல் நம்பரை ரிவால்வரின் பல பாகங்களிலும் பொறித்தது. ஒரு பாகத்தில் நம்பர் மாறினாலும் விலை இறங்கிவிடும்.

இந்தக் கறாரின் மேல் எனக்கு மரியாதை உண்டு. போலிகள் மலிந்த சந்தையில் அது தேவைதான். ஆனா 'அரியது' என்று ஒரு பொருளைக் கொண்டாடும்போது, அது ஏன் அரியதாச்சு என்ற கேள்வியையும் அதே கறாரோடு கேட்க வேண்டாமா?

கோல்ட் 1860 ஆர்மி ரிவால்வர் சுமார் 2,00,000 செய்யப்பட்டது. தேடினால் கிடைக்கும். தெற்கு மாநிலங்களுக்காக ஜார்ஜியாவில் செய்யப்பட்ட கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் ரிவால்வர் சுமார் 3,700தான். சாமுவேல் கிரிஸ்வோல்ட் அதுவரை செய்துகொண்டிருந்தது பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் மெஷின். நம்ம தேனிப் பக்கம் ஜின்னிங் மில்லுன்னு சொல்றோமே, அதே ஜின். போர் வந்ததும் தொழிற்சாலை ஆயுதத்துக்கு மாறியது. இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால ஃபிரேமைப் பித்தளையில் வார்த்தார்கள். மாதிரி, எதிரிப் பக்கத்து கோல்ட் நேவிதான். வேலையாட்களில் பெரும்பாலோர் கறுப்பின அடிமைகள். 1864 நவம்பரில் ஷெர்மனின் குதிரைப்படை அந்தத் தொழிற்சாலையைக் கொளுத்தியது.

இன்றைக்கு அந்த முரட்டுப் பித்தளை ரிவால்வர், அதைவிட நேர்த்தியான சாதாரண கோல்ட்டைக் காட்டிலும் பல மடங்கு விலை போகிறது. நிலை, நம்பர், யார் கையிலிருந்து வந்தது என்பதெல்லாம் விலையில் சேரும். செய்த கைக்கு அங்கே கணக்கு கிடையாது. தன்னை அடிமையாகவே வைத்திருக்க நடந்த போருக்குத் தானே துப்பாக்கி செய்தவனின் வேலை அது. இதைச் சொல்லாமல் பித்தளையின் நிறத்தை மட்டும் வர்ணிக்கிற எழுத்தை ஆய்வு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நம்ம பக்கம் கதை வேறு. தஞ்சாவூரை 1855ல் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதே 1860களில் அரண்மனை ஆயுதசாலையில் குவிந்திருந்த வாள், கட்டாரி, ஈட்டிகளில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. பொறுக்கி எடுத்த கொஞ்சம் சென்னை மியூசியத்துக்குப் போனது. வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி இதைப் பற்றி 1878ல் 'இண்டியன் ஆண்டிகுவரி' இதழில் எழுதினார். அதே 1878ல்தான் ஆயுதச் சட்டமும் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. கிரிஸ்வோல்ட் போரில் எரிந்து அரியதானது. தஞ்சாவூர் ஆயுதங்கள், போரே இல்லாத காலத்தில், அரசாங்க உத்தரவில் அரியதாயின.

அதனாலதான் அமெரிக்காவில் வீட்டு அலமாரியில் வளர்ந்த இந்தப் பொழுதுபோக்கு இங்கே பரவலாக வேர்பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பண்ணைப்புரம் பக்கம் துப்பாக்கின்னா மலையடிவாரத் தோட்டத்துக்குக் காவலாக லைசென்ஸோட வச்சிருக்கிற ஒத்தைக்குழல்தான். தேர்தல் அறிவிச்சா அதுவும் ஸ்டேஷனுக்குப் போயிடும். 1959ஆம் ஆண்டுச் சட்டம் பழம்பொருளான துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது; ஆனா பழுது பார்த்தாலும் சுட முடியாததாக அது இருக்கணும்.

எழும்பூர் மியூசியத்தில் தஞ்சாவூர் ஆயுதங்களைப் பார்க்கப் போகிறவர்கள், எடைக்குப் போன மீதியையும் கணக்கில் வைத்துக்கொண்டு பாருங்கள். கண்ணாடிக்குள் இருப்பவை, யாரோ ஒரு அதிகாரி அன்றைக்கு 'இது இருக்கட்டும்' என்று ஒதுக்கி வைத்தவை.