யார் முகம் பார்த்து ஆடுவது

வெளிநாடுகளில் இயங்கும் போலிஷ் நாட்டுப்பாடல், நடனக் குழுக்களைப் பற்றி இரண்டு வித அபிப்ராயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள், குறை சொல்லக்கூடாது என்று முதுகில் தட்டிக்கொடுப்பது. மற்றது, இது மேடைச் சரக்கு, கிராமத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புறங்கையால் தள்ளுவது. முன்னது தர்மம் போடுவது, பின்னது சோம்பேறித்தனம். இரண்டிலும் விமர்சனம் இல்லை.

லண்டன், சிகாகோ, டொரான்டோ என்று எந்த ஊரானாலும் காரியம் நடக்கிற விதம் ஒன்றுதான். மாதா கோவில் கூடத்திலோ சங்கக் கட்டடத்திலோ வாரத்தில் ஒன்றிரண்டு மாலை கூடுகிறார்கள். பகலில் கணக்கு எழுதுகிறவர்கள், நர்ஸ்கள், மாணவர்கள். போலோனெஸ், மஸூர், குயாவியாக், ஓபெரெக், கிரகோவியாக் என்று தேசிய நடனங்கள் ஐந்து. பிறகு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தொகுப்பு. வோவிச் பகுதியின் பட்டை போட்ட கம்பளிப் பாவாடை, கிரகோவ் பக்கத்து மயிலிறகுத் தொப்பி. இவற்றை நான் பதிவுகளில்தான் பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு குழுக்களைப் பார்த்தபின் எது எந்த ஊர்க் குழு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. சமுத்திரங்கள் குறுக்கே கிடக்கிற ஊர்களில், ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்களிடம், எப்படி வந்தது இந்த ஒற்றுமை?

பதில் வார்சாவுக்கு அருகே கரோலினில் இருக்கிறது. 1948இல் போலிஷ் அரசு அங்கே மஸோவ்ஷே என்ற குழுவை ஸ்தாபித்தது. இசையமைப்பாளர் ததேயுஷ் ஸிகியெதின்ஸ்கியும் அவர் மனைவி நடிகை மிரா ஸிமின்ஸ்காவும் பொறுப்பேற்றார்கள். முதல் நிகழ்ச்சி 1950 நவம்பரில். கிராமத்துப் பாட்டுகள் கோரஸுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக அமைக்கப்பட்டன. நடனங்கள் மேடையின் நீள அகலத்துக்கு அளந்து வெட்டப்பட்டன. 1953இல் ஷ்லோன்ஸ்க் என்ற இன்னொரு குழுவும் வந்தது. 'மக்கள் கலை' தேவைப்பட்ட ஓர் அரசு தனக்கென்று செய்துகொண்ட காரியம் இது. செய்தவர்கள் தேர்ந்த கலைஞர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1961இல் மஸோவ்ஷே அமெரிக்காவரை போய் ஆடியது.

இதே அரசை ஏற்க மறுத்த போலிஷ்காரர்கள் லண்டனில் தங்களுக்கென்று ஒரு நாடுகடந்த அரசை 1990வரை வைத்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலரும் வார்சா வடித்துக் கொடுத்த அசைவுகளையே பாட்டன் சொத்தாக எடுத்துக்கொண்டு ஆடினார்கள். வெளிநாட்டுக் குழுக்களுக்கான விழா 1969இல் ஜெஷூஃப் நகரில் தொடங்கியது. அரசியல் குறுக்கே நின்ற இடத்தில் மேடை வடிவம் தங்குதடையின்றிப் பயணம் செய்திருக்கிறது. ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டதை நகல் எடுப்பது சுலபம்.

தூரம்தான் குற்றம் என்பார்கள். எனக்கு அது சம்மதமில்லை. 1795இலிருந்து 1918வரை போலந்து என்ற தேசமே படத்தில் கிடையாது. அதன் தேசிய கீதமே மஸூர்க்கா தாளத்தில் அமைந்தது. யூஸெஃப் விபிட்ஸ்கி 1797இல் இத்தாலியில் எழுதியது. மிக்கியேவிச்சின் 'பான் ததேயுஷ்' 1834இல் பாரிஸில் வெளிவந்தது, ஒரு போலோனெஸ் நடனத்தை நோக்கிச் சென்று முடிகிறது. 1830இல் வார்சாவை விட்ட ஷோபென் திரும்பவே இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட மஸூர்க்காக்களில் பெரும்பாலானவற்றை வெளியிலிருந்தே எழுதினார். அவற்றை வைத்துக்கொண்டு யாரும் கூடத்தில் ஆடிவிட முடியாது. தூரம் இவர்களைச் சிருஷ்டி செய்ய நிர்ப்பந்தித்தது. இவர்கள் எதையும் பாதுகாத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

கிராமத்தில் இருந்தது என்ன? மத்திய போலந்தில் ஓபெரெக் ஆட வருகிறவன் நேரே பிடில்காரன் முன்னால் போய் நிற்பான். தனக்கு வேண்டிய மெட்டில் இரண்டு வரி பாடுவான். பிடில்காரன் அதைப் பிடித்துக்கொள்வான். அன்றைக்கு வேகம் என்ன, எங்கே நின்று எங்கே பாய்வது என்பதெல்லாம் அந்த இருவருக்கும் நடுவே அப்போது தீர்மானமாகும். தெற்கே பொத்ஹாலே மலைக்காரர்களிடமும் இப்படித்தான். வாத்தியக்காரர்கள் எதிரில் நின்று பாடிக் கேட்டு வாங்கி, ஒரு ஜோடி மட்டும் ஆடும். ஆடுகிறவனின் முகம் இசையைப் பார்த்திருந்தது. மேடையில் அது நாற்காலிகளைப் பார்க்கிறது. இழப்பு இங்கேதான். பாவாடையின் பட்டைகள் சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று சண்டை பிடிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பல குழுக்களில் பிடில்காரனே கிடையாது, ஒலிப்பதிவுதான். அதனிடம் எந்தப் பாட்டைக் கேட்பது?

விஸ்பியான்ஸ்கி இதை முன்பே பார்த்துவிட்டார். 1901இல் கிரகோவில் மேடையேறிய அவருடைய 'வெஸெலே' நாடகம் ஒரு கிராமத்துக் கல்யாண வீட்டில் நடக்கிறது. எழுச்சிக்கு அழைப்பு வரும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அழைக்க வேண்டிய பொற்கொம்பு தொலைந்துபோகிறது. பனிக்காலத்தில் ரோஜாச்செடிக்குச் சுற்றிவைக்கும் வைக்கோல் போர்வை உயிர்பெற்று வந்து வாசிக்கிறது. அதற்குக் கட்டுண்டு அவர்கள் தூக்கத்தில் போலச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். யாரும் முன்னே வந்து தன் மெட்டைக் கேட்பதில்லை. இன்று கிரகோவ் கல்யாணத்தை மேடையில் போடுகிற குழுக்கள் அநேகம். இந்தக் கடைசிக் காட்சியின் நினைவு அவற்றில் எங்காவது தட்டுப்படுகிறதா என்று தேடுகிறேன்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1990களில் வார்சாவிலேயே சில இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய், மிச்சமிருந்த வயதான பிடில்காரர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு, ஒரு பிடிலும் ஒரு பறையுமாக, ஜனங்கள் ஆடும் கூடங்களை மறுபடி உண்டாக்கினார்கள்.

என் புகார் இதுதான். சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்கு நிர்ப்பந்தம் உண்டு. நேற்று ஆடியதை இன்றும் பிசகாமல் ஆடவேண்டும், டிக்கெட் வாங்கியவன் கேட்பான், மந்திரி கேட்பார். சம்பளமில்லாதவனை யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தும் அவன் சம்பளக்காரனுடைய நிர்ப்பந்தத்தைத் தானாகப் போய் வாங்கி மாட்டிக்கொள்கிறான். நானும் பகலெல்லாம் பாங்கில் லெட்ஜர் எழுதிவிட்டு மாலையில் இதை எழுதுகிறவன். இந்தப் பக்கங்களுக்கு எழுதுகிற யாரும் காசுக்கு எழுதவில்லை. காசு வாங்காதது எழுத்துக்கு ஒரு தகுதியாகிவிடாது. அது கொடுக்கிற சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. பெரிய பத்திரிகைக் கதையையே சிறிய பத்திரிகையில் இலவசமாக எழுதுவதற்கு நாம் தேவையில்லை.

வீட்டில் இங்கிலீஷே பேசும் மூன்றாம் தலைமுறைக் குழந்தைகள் போலிஷ் மெய்யெழுத்து நெரிசல்களை அட்சரம் பிசகாமல் பாடுகிறார்கள். நாக்குக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அந்தக் குழுக்களில் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு மாலை, ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு ஒரு பிடில்காரனைக் கூப்பிடட்டும். ஒரு பையனோ பெண்ணோ அவன் முன்னே போய் நின்று, தனக்கு வேண்டியதைப் பாடிக் கேட்கட்டும். தாளம் தப்பும், ஜோடிகள் முட்டிக்கொள்ளும், பார்க்க அழகாக இருக்காது. அந்த மாலையைப் பற்றி எழுத எனக்கு விஷயம் இருக்கும்.