தெளிவு என்னும் மயக்கம்: ‘பொன்மணி’யின் படிமங்கள் குறித்து

கரவெட்டி தந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, ‘தமிழ்ச் சமூகமும் அதன் சினிமாவும்’ என்னும் நூலில், திரைப்படத்தைச் சமூகத் தொடர்புச் சாதனமாக நோக்கினார். ஈழத்துத் திரைப்பட விமர்சனம் அந்நோக்கில் வளம் பெற்றது உண்மையே. ஆயினும் கதையையும் கருத்தையும் நிறுத்துப் பார்த்த அளவுக்கு அது படிமத்தை நிறுத்துப் பார்க்கவில்லை. “படப்பிடிப்புத் தெளிவாயில்லை” என்ற ஒரு வரியோடு அலுவல் முடிந்துவிடும். தெளிவென்பது யாது?

யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பொருளாகக் கொண்டு தர்மசேன பத்திராஜ 1977இல் நெறிப்படுத்திய ‘பொன்மணி’ கறுப்பு வெள்ளைப் படம். இன்று அதனைப் பலரும் பிரதியின் பிரதியாகவே காண்கின்றனர். தெளிவின்மை பற்றிய தீர்ப்பு அப்பிரதிக்கு உரியதா, படத்திற்கு உரியதா என்பது முதலில் தீர்க்கப்பட வேண்டியது.

கொடக் நிறுவனத்து ஆய்வாளர் ஹிக்கின்சும் ஜோன்சும் 1952இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தனர். படச்சுருள் எத்தனை நுண்கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது என்ற எண்ணிக்கை, பார்ப்போர் உணரும் கூர்மையோடு பொருந்தி வருவதில்லை. இருளிலிருந்து ஒளிக்கு விளிம்பு எவ்வளவு விரைந்து மாறுகிறது என்பதையே கண் பெரிதும் மதிக்கிறது. நுண்கோடு குறைந்தும் ஒளிநிழல் வேறுபாடு மிக்க படம், நுண்கோடு மிகுந்து வெளிறிய படத்தினும் கூர்மையாய்த் தோன்றுவது இதனாலேயே.

வடமராட்சி வெயிலில் வானைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் பனையோலைக்கு இவ்வேறுபாட்டை இயற்கையே வழங்கிவிடுகிறது. எவ்வளவு நலிந்த பிரதியிலும் அது பிழைத்துக்கொள்ளும். திண்ணை நிழலில் அமர்ந்த முகத்தின் சுருக்கமோ நுண்ணியது, வேறுபாடும் குறைந்தது. ஒவ்வொரு பிரதியெடுப்பிலும் நுண்விவரத்தின் வேறுபாட்டில் நூற்றுக்கு 80 எஞ்சுமெனக் கொண்டால், மூன்று படிகளின் பின் எஞ்சுவது ஏறத்தாழ 51. அகன்ற பரப்புகள் அவ்வாறு தேய்வதில்லை. எனவே பனையும் கிடுகுவேலியும் நிலைக்க, முகங்கள் சுண்ணாம்புச் சுவராகின்றன. மௌனத்தால் பேசும் பெண்ணின் கதையில் முகம் அழிவது வெறுந் தொழினுட்பக் குறையன்று; பொருளே அழிகிறது.

இதற்குக் கணினியால் கூர்மையேற்றுவது இன்றைய மருந்து. விளிம்பின் இருபுறமும் ஒளியையும் இருளையும் மிகைப்படுத்துவதே அதன் உத்தி. கண்ணும் தன்னளவில் அதனையே செய்கிறது என்பதை ஏர்ண்ஸ்ட் மாக் 1865இலேயே விளக்கினார். கண் செய்வதன் மேல் கணினியும் மிஞ்சிச் செய்யுமாயின் பனையோலையைச் சுற்றி வெண்கோடு படரும். படச்சுருளின் மணிகள் தோலில் அம்மைத் தழும்பாய் எழும். ஒளிநிழல் வேறுபாட்டை மட்டும் கூட்டினால் படம் உடனே கூர்மை பெற்றதுபோல் தோன்றும். வீட்டின் உட்புற இருளில் நிற்பவரோ மறைந்துவிடுவர். இப்படத்தைப் பொறுத்தவரை, சற்று மென்மையாயினும் நிழலின் படிகளைக் காத்த பிரதியே உயர்ந்தது. அப்பிரதியில்தான் உள்ளறையில் நிற்பவள் இன்னும் தெரிகிறாள்.