மாட்டுக்கு முன்னே தோட்டமா?

சித்திரை வெயிலில் மூடாமல் கிடக்கும் கத்தரிப் பாத்தி, காலையில் குடித்த தண்ணீரை மாலைக்குள் பெருமளவு இழந்துவிடும். அதே பாத்தியில் நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல் பரப்பிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்தும் கீழ்மண் ஈரமாகவே இருக்கும். தண்ணீர் குறைந்த ஊர்களில் வைக்கோல் மூடாக்கை ஆதரிக்க இந்த ஒன்றே போதும். ஆனால் எல்லாப் பயிருக்கும், எல்லாப் பருவத்துக்கும் அதைப் பரிந்துரைக்கும் போக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

ஈரம் காப்பதோடு அதன் பயன் முடிவதில்லை. மழைத்துளி மண்ணில் அறைந்து தெறிக்கும்போது, மண்ணிலுள்ள பூஞ்சண வித்துகள் தக்காளியின் அடியிலைகளில் ஏறுகின்றன. வைக்கோல் அந்தத் தெறிப்பைத் தடுக்கிறது. பூசணிக்காயும் தரையில் சாயும் தக்காளியும் ஈரமண்ணில் பட்டு அழுகாமல் தப்புகின்றன. விதையிலிருந்து முளைக்கும் களைகள் பெரும்பாலும் அடங்கும். கோரை மட்டும் அடங்காது. கிழங்கில் சேமித்த பலத்தோடு வைக்கோலைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். கீரை விதைக்கும் பாத்திக்கோ கனத்த மூடாக்கு அடியோடு பொருந்தாது. நாற்றங்காலில் விதை தூவி மெல்லியதாக வைக்கோல் பரப்பி, முளை தெரிந்ததும் எடுத்துவிடும் பழக்கம் நம் உழவர்களிடம் நெடுநாளாக உண்டு. எவ்வளவு, எதுவரை என்ற கணக்கு அதில் இருக்கிறது.

வைக்கோல் தழைச்சத்தைத் தின்றுவிடும் என்ற குற்றச்சாட்டு பாதிதான் உண்மை. நெல் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு வரை கரிமம் இருக்கும். அதை மண்ணில் கொத்திக் கலந்தால், மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுக்கும், செடி வெளுக்கும். மேலே பரப்பி விட்டாலோ இந்த இழுபறி மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே அறுவடை முடிந்ததும் பழைய மூடாக்கைப் பாத்தியோடு சேர்த்துக் கொத்தி, உடனே அடுத்த நாற்றை நடுவதுதான் தவறு.

பெரிய சிக்கல் பருவத்தில் இருக்கிறது. கோடையில் காத்த அதே வைக்கோல், ஐப்பசி அடைமழையில் களிமண்ணைக் காயவிடாது. வேர் மூச்சுத் திணறும். நத்தைகளுக்குப் பகலில் ஒளிய இடம் கிடைக்கும். செம்மண் நிலத்தில் வறண்ட மாதங்களில் கறையான் ஏறும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டால் இந்தத் தொல்லைகள் ஓரளவு குறையும். இன்னொன்றும் எளிதில் கண்ணில் படுவதில்லை: கோடையில் விழும் சிறுதூறலை வைக்கோலே குடித்துவிடும், மண்ணுக்கு ஒன்றும் சேராது. சொட்டுநீர்க் குழாயை மூடாக்குக்கு அடியில் ஓட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

வைக்கோல் எங்கிருந்து வருகிறது? மூடாக்கைப் போற்றுவோர் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் தவிர்க்கிறார்கள். 1975இல் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதிய மசானபு ஃபுகோகா, விளைந்த வைக்கோலை விளைந்த வயலுக்கே திருப்பிப் பரப்பினார். நாம் நெல்வயலின் வைக்கோலைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகிறோம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. ஒரு டன்னுக்குச் சுமார் 15 கிலோ. தோட்டம் பெறுவது வயல் இழப்பது. வாங்கும் வைக்கோலில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். பிரிட்டனில் 2008இல் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி அடித்த புல்லைத் தின்ற கால்நடைகளின் எரு போட்ட வீட்டுத் தோட்டங்களில் தக்காளியும் உருளைக்கிழங்கும் சுருண்டு போயின.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊரில் வைக்கோல் கழிவல்ல, தீவனம். கோடையில் பசும்புல் இல்லாத வீட்டில் கறவை மாடு அதை நம்பித்தான் நிற்கிறது. மூடாக்குக்கு வைக்கோல் மிகவும் தேவைப்படுவதும் அதே மாதங்களில்தான். நல்ல வைக்கோலை மாட்டின் வாயிலிருந்து எடுத்து மண்ணில் பரப்புவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. கரும்புத் தோகை, நறுக்கிய தென்னை ஓலை, வேலியோரத்துக் கிளைரிசிடியா தழை என்று மாடு நம்பியிராத பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. தழை சீக்கிரம் மக்கிவிடும், அடிக்கடி போட வேண்டும். பதிலுக்குத் தழைச்சத்தும் தரும். போரின் அடியில் மழைநீர் ஊறிக் கறுத்து, பூஞ்சணம் பிடித்து, மாட்டுக்குப் போடக் கூடாததாகிவிட்ட வைக்கோலைத் தயங்காமல் தோட்டத்துக்குத் தரலாம்.