பைத்தானுக்குள் இருக்கும் சி

வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய பாதுகாப்புப் படிவம். ‘உங்கள் மென்பொருள் நினைவகப் பாதுகாப்பு உள்ள மொழியில் எழுதப்பட்டதா?’ என்று ஒரு கேள்வி. “பைத்தான்தானே சார், ஆம்னு போட்டுடலாம்” என்றார் கூட வேலை பார்க்கும் தம்பி. போட்டோம். பொய்யும் இல்லை, நாங்கள் எழுதியது பைத்தான்தான்.

சி, சி++ மொழிகளை விட்டு நகரச் சொல்லி 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையே அறிக்கை வெளியிட்ட பிறகு இந்தக் கேள்வி ஒரு சடங்காகிவிட்டது. மொழி மாற்றத்தால் பலன் உண்டு. ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-இல் 76 விழுக்காடு. புதிய கோடை, நினைவகப் பாதுகாப்பு உள்ள ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதி வந்ததில் 2024-இல் அது 24 ஆனது. இந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது கூகுள் தன் கையில் வைத்திருக்கும் கோட். நாமெல்லாம் எழுதுவது கையளவு, இறக்கிக்கொள்வது மலையளவு.

லிப்வெப்பி விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். வெப்பி படங்களைப் பிரித்துக் காட்டும் சி லைப்ரரி அது. ஹஃப்மன் அட்டவணைகளுக்கு இவ்வளவு இடம் போதும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒதுக்கியிருந்தார்கள். ஒழுங்கான படம் என்றால் கணக்கு தப்பாது. வேண்டுமென்றே கோணலாகச் செய்த படம் வந்தாலோ, அது கோணல் என்று கண்டுபிடிக்கும் முன்பே எல்லை தாண்டி எழுதிவிடும். ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரோண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வகமும் 2023 செப்டம்பர் 6 அன்று இதைத் தெரிவித்தன. 11-ஆம் தேதி குரோமுக்குப் பேட்ச் வந்தது. ஓட்டைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் சி.வி.இ. பதிவிலும் குரோமின் பெயரே இருந்தது. லைப்ரரியின் பெயரில் அந்த மாதக் கடைசியில் வந்த தனி எண்ணும் இரட்டைப் பதிவு என்று திரும்பப் பெறப்பட்டது. பிரவுசர் கோளாறு, நமக்கென்ன என்று பலர் இருந்துவிட்டார்கள்.

எனக்கு விவரம் தெரிந்திருந்தது. சர்வரில் இயங்குதளத்தின் ஆப்ட் கட்டளை கொடுத்து லிப்வெப்பியைப் புதுப்பித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில்தான் பைத்தானின் சைட்-பேக்கேஜஸைத் திறந்து பார்த்தேன். படங்களைக் கையாளும் பில்லோ பேக்கேஜுக்குப் பக்கத்தில் ‘லிப்ஸ்’ என்று முடியும் ஒரு ஃபோல்டர். அதற்குள், பெயருக்குப் பின்னால் ஹாஷ் வால் முளைத்த இன்னொரு லிப்வெப்பி. பில்லோ தன்னோடு கட்டிக்கொண்டு வந்த பிரதி. ஆப்டுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிப் லிஸ்ட் போட்டால் பில்லோ என்ற ஒற்றை வரி. பில்லோ 10.0.1 சரிசெய்த லிப்வெப்பியோடு வெளிவந்துவிட்டது. நாங்களோ ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பழைய எண்ணை இறுக்கிக் கட்டி வைத்திருந்தோம்.

நான் பல வருடமாகச் சொல்லிவரும் குறை இதுதான்: மொழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மூட்டையை அவிழ்ப்பதே இல்லை. ரஸ்ட்டுக்குப் போனால் மட்டும் தீருமா? அங்கே ‘சிஸ்’ என்று பெயர் முடியும் பேக்கேஜ்களில் பல, சி மூலத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே பைனரியாகக் குழைத்துக் கட்டுவது ரஸ்ட்டின் வழக்கம். அதனால் ஒரு லைப்ரரியில் ஓட்டை என்றால் அதைச் சேர்த்த ஒவ்வொரு மென்பொருளையும் திரும்பக் கட்டியாக வேண்டும். யார் கட்டுவார்கள், சம்பளமில்லாமல் ராத்திரியில் உட்கார்ந்து அவற்றைப் பராமரிக்கும் ஆளா? 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற லாகிங் லைப்ரரியின் ஓட்டை வெடித்தபோது அதில் நினைவகப் பிழை எதுவும் கிடையாது, எழுதியது ஜாவாவில். அன்றும் ஊரெல்லாம் தேடி அலைந்தது ஜார் கோப்புக்குள் ஜார், அதற்குள் இன்னொரு ஜார் என்று ஒளிந்திருந்த பிரதிகளைத்தான். ரஸ்ட் நண்பர்கள் நான் பழியை இடம் மாற்றிப் போடுகிறேன் என்பார்கள். கொஞ்சம் போடுகிறேன்தான்.

படிவத்தை அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. நம்மிடம் மொத்தம் எத்தனை லிப்வெப்பி இருக்கிறது, தேடிப் பார் என்று தம்பியிடம் சொன்னேன். கோப்பின் பெயரை வைத்துத் தேடி, இரண்டு என்று சொன்னார்: இயங்குதளத்தினுடையது ஒன்று, பில்லோவினுடையது ஒன்று. மூன்றாவது, படங்களை அலசும் ஓபன்சிவி பேக்கேஜின் பைனரிக்குள் கரைந்து கிடந்தது. அதற்குத் தனியாகக் கோப்புப் பெயரே கிடையாது.