காணாமல் போனவளும் தேடிப் போனவர்களும்

அகதா கிறிஸ்டியின் நாவல்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் பேச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவை எதற்காக எழுதப்பட்டனவோ அந்தக் காரியத்தைச் செய்துவிட்டன. ரயிலில் படித்து முடித்து இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கலாம். நான் பேச நினைப்பது, 1926 டிசம்பரில் அவர் எழுதாத ஒரு கதையைப் பற்றி. அதைப் பத்திரிகைகள் எழுதின. சில ஆயிரம் பேர் கைத்தடியோடும் நாய்களோடும் அந்தக் கதைக்குள் நடந்து போனார்கள். வாசகர்கள் இவ்வளவு ஸ்தூலமாக ஒரு கதைக்குள் போனதற்கு வேறு உதாரணம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

பலருக்கும் தெரிந்த சம்பவம்தான்; இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை இரவு சன்னிங்டேலில் இருந்த தன் வீட்டிலிருந்து அவர் காரில் கிளம்பினார். மறுநாள் காலை அந்தக் கார் கில்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில், நியூலண்ட்ஸ் கார்னர் என்ற மேட்டுச் சரிவில், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த ஒரு பள்ளத்தருகே சாலையைவிட்டு இறங்கிக் கிடந்தது. உள்ளே ஒரு ரோமக் கோட்டும் டிரைவிங் லைசென்ஸும் இருந்தன. ஆள் இல்லை. அந்த வருஷம் ஏப்ரலில் அவருடைய தாயார் இறந்திருந்தார். கணவர் வேறொரு பெண்ணை விரும்பி விவாகரத்து கேட்டிருந்தார். அதே வருஷம்தான் 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை' வெளிவந்து அவரைப் பேசப்படுகிறவராக்கியிருந்தது.

தாயை இழந்து, கணவனையும் இழந்துகொண்டிருக்கிற ஒரு மனுஷி குளிர்கால இரவில் வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். பத்திரிகைகள் இதை வைத்துக்கொண்டு என்ன செய்தன? முதலில் அவர் ஒரு மனுஷி என்பதை மறந்துவிட்டு, அவர் துப்பறியும் கதை எழுதுகிறவர் என்பதைப் பிடித்துக்கொண்டன. 'டெய்லி நியூஸ்' நூறு பவுன் பரிசு அறிவித்தது. மாறுவேஷத்தில் அவர் எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்று, மூக்குக்கண்ணாடி போட்டும் தலைமுடியை மாற்றியும் படங்கள் அச்சாகின. கானன் டாயில் அவருடைய கையுறை ஒன்றை வாங்கி, ஆவிகளோடு பேசுகிற ஒருவரிடம் கொடுத்துக் குறி கேட்டார். டாரதி சேயர்ஸ் இடத்தை நேரில் பார்க்கப் போனார். சைலண்ட் பூல் என்ற குளத்தைத் துழாவினார்கள். விமானம் பறந்தது. டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, பெரும் தேடல். பொதுமக்கள் கார்களிலும் பஸ்களிலும் வந்து இறங்கி வரிசை கட்டிப் புதர்களை மிதித்துக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் என்பதில் ஒற்றுமை இல்லை. இரண்டாயிரம் என்றும் சொல்கிறார்கள், பதினையாயிரம் என்றும் சொல்கிறார்கள். தேடியவர்களின் எண்ணிக்கையும் கதையோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. போவதற்கு முன் கணவரின் தம்பிக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். யார்க்‌ஷையரில் உள்ள ஒரு நீர்ச்சிகிச்சை ஊருக்குப் போகிறேன் என்பதுதான் விஷயம். மறைபொருள் ஏதும் இல்லாத, பள்ளிக்கூடப் பையனுக்கும் புரிகிற வாக்கியம். கடிதம் பற்றி வெளியே தெரிந்த பிறகும் கூட்டம் சர்ரே மேடுகளில்தான் தேடிக்கொண்டிருந்தது. கார் அங்கே கிடந்தது, பள்ளம் இருந்தது, குளம் இருந்தது. கதைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன. யார்க்‌ஷையரில் ஹோட்டல்தான் இருந்தது.

டிசம்பர் 14 அன்று ஹாரோகேட் ஊரில் ஒரு ஹோட்டலில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே வாசித்த பாண்டு வாத்தியக்காரர்கள் அடையாளம் கண்டு போலீஸுக்குச் சொன்னார்கள். பதினொரு நாளும் அவர் அங்கே சீட்டாடிக்கொண்டும், நடனம் பார்த்துக்கொண்டும், தன்னைப் பற்றிய செய்திகள் வந்த பத்திரிகைகளைப் படித்துக்கொண்டும் இருந்திருக்கிறார். பதிவேட்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த திருமதி நீல் என்று எழுதியிருந்தார். நீல் என்பது கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர். அதே பெயரில் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு அவரே ஒரு வரி விளம்பரம் கொடுத்திருந்தார். தெரேசா நீலின் உறவினரும் நண்பரும் தொடர்புகொள்ளும்படி கேட்கிற விளம்பரம் அது. இங்கிலாந்து முழுவதும் தன்னைத் தேடிக்கொண்டிருக்கும்போது, காணாமல் போனவள் தன் பக்கத்திலிருந்து உறவுகளைத் தேடி விளம்பரம் தருகிறாள். அவர் எழுதிய அத்தனை பக்கங்களிலும் இந்த ஒரு வரிக்கு ஈடான எதையும் நான் படித்ததில்லை. அந்த வரிக்குப் பதில் போட யாரும் இல்லை.

பிறகு வந்தது கோபம். பிழைத்துக் கிடைத்ததற்கு நிம்மதி அல்ல, ஏமாந்த வாசகனின் கோபம். விளம்பரத்துக்காகச் செய்தார், கணவரைப் பழிவாங்கச் செய்தார் என்றார்கள். தேடியதற்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்தார்கள். ஞாபகம் தப்பிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னதைப் பலரும் நம்பவில்லை. 1976இல் அவர் இறந்து, மறுவருஷம் வெளிவந்த சுயசரிதையில் இந்தப் பதினொரு நாட்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேசாமல் இருந்தது அவர் செய்த மிக நல்ல காரியம் என்று நான் நினைக்கிறேன்.

துப்பறியும் கதையில் பிணத்துக்கு ஆள் என்ற அந்தஸ்து கிடையாது. முதல் அத்தியாயத்தில் அது கிடக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்களின் புத்திசாலித்தனம் அதைச் சுற்றி நடக்கிறது. இருபது வருஷம் இப்படிப் பழகிய வாசகக் கூட்டம் ஒன்று நிஜமான மேட்டில் இறங்கி நடந்தபோது, அது தேடியது பிணத்தை. உயிரோடு கிடைத்தவர் கதையைக் கெடுத்தவராகிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டும் குளிரில் நடந்த ஒவ்வொருவரும் வம்புக்கு வந்தவர் என்று நான் சொல்லவில்லை. தன் வீட்டுப் பெண்ணை நினைத்துக்கொண்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். தனி மனிதனின் இரக்கம் உண்மையானது. ஆனால் எங்கே போய்த் தேட வேண்டும், என்ன கிடைத்தால் தேடல் முடிந்தது என்பதை இரக்கம் தீர்மானிக்கவில்லை. காலைப் பத்திரிகை தீர்மானித்தது.

இதே கோபத்தைக் கலைப்படம் பார்க்கிற கூட்டத்திடமும் காணலாம் என்பது நமக்குக் கொஞ்சம் கூச்சம் தரவேண்டிய விஷயம். 1960இல் கான் விழாவில் அந்தோனியோனியின் 'லா அவென்ச்சூரா' திரையிடப்பட்டபோது ஊளையிட்டார்கள். ஆன்னா என்ற பெண் ஒரு பாறைத் தீவில் காணாமல் போகிறாள். காதலனும் தோழியும் தேடுகிறார்கள். தேடுகிறபோதே ஒருவரையொருவர் நாடி, அவளை மறந்துபோகிறார்கள். கடைசிவரை அவள் கிடைப்பதில்லை, என்ன ஆனாள் என்றும் படம் சொல்வதில்லை. அதில் மெஸ்ஸினா நகரக் காட்சி ஒன்று. ஆன்னாவைப் பற்றிச் செய்தி போடச் சொல்லிக் காதலன் ஒரு பத்திரிகைக்காரனைப் பார்க்கப் போகிறான். அதே நேரம் தெருவில் நூற்றுக்கணக்கான ஆண்கள், பாவாடை கிழிந்த ஒரு விளம்பர அழகியைச் சுற்றி முண்டியடிக்கிறார்கள். பத்திரிகைக்காரனின் கவனம் அங்கே இருக்கிறது. காணாமல் போனவளுக்கும் கிழிந்த பாவாடைக்கும் அச்சுக்கூடத்தில் ஒரே தராசு. ஊளையிட்டவர்கள் இந்தக் காட்சியைக் கவனித்தார்களா, தெரியாது. அதே விழாவில் படத்துக்கு நடுவர் பரிசு கிடைத்தது.

கூட்டமும் பத்திரிகையும் வந்து தேடுவது இப்படியென்றால், இரண்டும் இல்லாமல் தேடுவது எப்படி இருக்கும்? அதற்கு இங்கிலாந்தும் இத்தாலியும் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் போலீஸாரால் பிடித்துச் செல்லப்பட்டார். தந்தை ஈச்சர வாரியர் ஹிந்திப் பேராசிரியர். அவர் யாரை அழைத்துக்கொண்டு புதர்களை விலக்கிப் பார்ப்பது? நெருக்கடி நிலை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அவர் மனுக்கள் எழுதினார், அதிகாரிகளின் படிகளையும் மந்திரிகளின் படிகளையும் ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை நீங்கிய பின் 1977இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். கைது செய்யவே இல்லை என்று அரசு முதலில் சொன்னது. நீதிமன்றம் நம்பவில்லை. கக்கயம் முகாமில் இறந்தார் என்று பிறகு தெரிந்தது. உடல் கிடைக்கவே இல்லை. நெருக்கடி நிலையின்போது உள்துறையை வைத்திருந்து, அப்போது முதல்வராகியிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மலையாளப் பத்திரிகைகள் அத்தனையும் முதல் பக்கத்தில் எழுதின. எழுதத் தொடங்கியபோது தேடுவதற்கு ஆள் இல்லை.

ஷாஜி என். கருணின் 'பிறவி' (1988) இந்தச் சம்பவத்தின் நிழலில் எடுக்கப்பட்டது. கான் விழாவில் சிறப்புக் குறிப்பும், தந்தையாக நடித்த பிரேம்ஜிக்குத் தேசிய விருதும் கிடைத்தன. கிழவர் தினமும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து கடைசி பஸ்வரை காத்திருக்கிறார். தோணியில் திரும்புகிறார். மறுநாள் மறுபடி. தேடல் என்பது காத்திருத்தலாகச் சுருங்கிப்போவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு இந்தியப் படத்தை நான் பார்க்கவில்லை. இருந்தும் எனக்கு ஒரு குறை உண்டு. மழை. அது அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. ஆறும் மழையும் இருட்டும் சேர்ந்து அந்தத் தந்தையின் துக்கத்தை இயற்கையின் துக்கமாக்கிவிடுகின்றன. மந்திரியும் போலீஸும் பின்னணியில் கரைந்துபோகிறார்கள். இயற்கை ராஜனைக் கொண்டுபோகவில்லை. 2006இல் மறைந்த ஈச்சர வாரியரின் நினைவுக் குறிப்புகளில் இந்த மழுப்பல் கிடையாது. யாரிடம் போனேன், அவர் என்ன சொன்னார், எந்தக் கதவு சாத்தப்பட்டது என்று பெயரோடு சொல்கிறார். இலக்கிய நயம் குறைவு என்று நம்மில் சிலர் அந்தப் புத்தகத்தைத் தள்ளிவைக்கக்கூடும். தள்ளிவைக்கிறவர்களின் ரசனைமீது எனக்குச் சந்தேகம் உண்டு.

யார் கொண்டுபோனது என்ற இந்தக் கேள்வி வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. நம் பத்திரிகை விளம்பரத்தில் 'காணவில்லை' என்று போடுகிறோம். எழுவாய் வேண்டாத முற்று அது. நான், நீ, அவர்கள், யாருக்கும் பொருந்தும். யார் காணவில்லை என்று யாரும் கேட்பதில்லை. 'காணாமல் போனான்' என்றால் போனவன் அவன். தன் காலால் போனதுபோல. ஆக்ரோஷமில்லாத, வீட்டுப் பழக்கத்தில் உள்ள சொல். அகதா கிறிஸ்டிக்கு இது சரியாகப் பொருந்தும். ராஜனுக்குப் பொருந்தாது.

இந்த வித்தியாசத்தைத் தமிழில் கண்டுபிடித்தவர்கள் எழுத்தாளர்களோ பேராசிரியர்களோ இல்லை. 2009இல் போர் முடிந்த நாட்களில், தங்கள் பிள்ளைகளை, கணவன்மாரைத் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்ததாகச் சொல்கிற ஈழத்துப் பெண்கள். இலங்கை அரசு 2016இல் சட்டம் இயற்றி அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் 'காணாமற்போன ஆட்கள்' பற்றியது. அந்தப் பெண்கள் தங்கள் பதாகையில் எழுதுவது 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. செயப்பாட்டு வினை ஆங்கிலத்தின் வாடை என்று நம் மொழிநடைக் காவலர்கள் அடித்துத் திருத்துவது வழக்கம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இங்கே 'ஆக்கப்பட்ட' என்பதில் மறைந்திருக்கிற எழுவாயை வெளியே இழுக்கத்தான் அவர்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த 'பட்ட'வைத் திருத்தி, நல்ல தமிழில் 'காணாமல் போனோர்' என்று எழுதுகிறவன், தெரிந்தோ தெரியாமலோ அரசு அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிறான்.

வங்கி குமாஸ்தாவாக இருப்பதில் ஒரு சௌகரியம், தத்துவமாகப் பேசப்படுகிற பல விஷயங்கள் படிவமாக மேஜைக்கு வந்துவிடும். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 111. வாரிசுதாரராக நியமிக்கப்பட்டவராக இருந்தாலும் கணக்கில் உள்ள பணத்தை எடுக்க இந்த அனுமானம் வேண்டும். போலீஸில் கொடுத்த புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற அவர்களுடைய அறிக்கை, ஒரு ஈட்டுறுதிப் பத்திரம், தொகை பெரிதானால் கோர்ட்டு உத்தரவு. காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் கைக்கு வரும். கையெழுத்துப் போடுகிறவர், 'இல்லை' என்பதற்குப் போடுகிறார். பணம் அவசியமாகத் தேவைப்படுகிறவர்கள்கூட வருஷக்கணக்கில் இதைத் தள்ளிப்போடுவதை, கணக்குகளைப் புரட்டுகிற எவரும் அறிவார்கள்.

இலங்கையில் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்பதற்கே தனியாக ஒரு சான்றிதழ் தர 2016இல் ஏற்பாடு செய்தார்கள். நல்ல நோக்கம், ஓய்வூதியம், சொத்து, வங்கிக் கணக்கு என்று காரியங்கள் நடக்கும். பந்தலில் இருந்த பெண்கள் பலர் அதை வாங்க மறுத்தார்கள். அவர்கள் கேட்டது பட்டியல்: யாரிடம் ஒப்படைத்தோமோ அவர்கள் எழுதி வைத்திருக்க வேண்டிய பட்டியல்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்தப் போராட்டம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. எத்தனையாவது நாள் என்பதைக் கணக்கு வைத்துப் பலகையில் எழுதுகிறார்கள். கையில் புகைப்படம், பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுப் படம் அல்லது அடையாள அட்டைக்கு எடுத்தது. பத்திரிகைக்காரர்கள் நூறாவது நாள் வந்தார்கள், ஆயிரமாவது நாள் வந்தார்கள். எண்கள் முழுமையாக இருந்தால் தலைப்புக்கு வசதி. ஆயிரத்து முப்பத்தேழாவது நாள் யாரும் வந்ததாகத் தெரியவில்லை. வந்தவர்கள், அழுகிற தாயைக் கேமராவின் பக்கம் திருப்பிப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். தாயின் கையில் இருந்த புகைப்படம் பல படங்களில் வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளையாக விழுந்திருக்கிறது.